விலங்குப் பாத்திரம் உயிர் பிடிக்கவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

சிறுவர் கதை, பள்ளிக்கூட நாடகம், சித்திரக்கதை, கைபேசி விளையாட்டு, எதற்காக இருந்தாலும் சரி, ஆளுமை வகையை வைத்து விலங்குப் பாத்திரம் செய்கிறவர்கள் குறிப்பிட்ட சில இடங்களில்தான் திரும்பத் திரும்ப மாட்டுகிறார்கள். அந்த இடங்களை அறிகுறி வாரியாகக் கீழே தந்திருக்கிறோம். உதாரணங்கள் எல்லாம் திருகோணமலைப் பக்கத்து உயிரினங்கள்: கோட்டை வாசல் மான், பஸ் நிலையக் காகம், புறாத்தீவுச் சுறா, வாய்க்காலோரக் கபரக்கொய்யா (நீர் உடும்பு). முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. உங்கள் பாத்திரத்தில் எது இடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். பின்னால் வரும் திருத்தங்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது

விலங்குப் பாத்திரம் ஒன்றுக்கு மூன்று கேள்வி. ஏன் செய்கிறது? அதற்கு விடை ஆளுமை வகை. எதைக் கொண்டு செய்கிறது? உடல். எது அதைச் செய்ய வைக்கிறது? இடமும் பருவமும். பாத்திரம் எப்படிப் பிழைத்தாலும், இந்த மூன்றில் ஒன்று காலியாக இருக்கும், இல்லாவிட்டால் ஒன்று மற்றதன் வேலையைச் செய்யப் போயிருக்கும்.

வகை பிரிக்கும் முறைகளில் மூன்று அதிகம் புழங்குகின்றன. எம்.பி.டி.ஐ.யில் 16 வகை. கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கோட்பாட்டை எடுத்து, காதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் வளர்த்த முறை அது. எனியாகிராமில் 9 வகை: 1 ஒழுங்கு பார்ப்பவர், 2 உதவுகிறவர், 3 சாதித்துக் காட்டுகிறவர், 4 தன்னைத் தனியாக உணர்பவர், 5 ஒதுங்கி நின்று பார்ப்பவர், 6 பாதுகாப்புத் தேடுகிறவர், 7 புதிது தேடி அலைகிறவர், 8 அடக்கி ஆள்கிறவர், 9 சமாதானம் விரும்புகிறவர். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பயம் இருக்கிறது. ஐந்து காரணி முறையில் வகையே கிடையாது. புதுமை நாட்டம், ஒழுங்கு, வெளிமுகத் தன்மை, இணக்கம், பதற்றம் ஆகிய ஐந்தும் எவ்வளவு எவ்வளவு என்று அளப்பது மட்டும்தான். உளவியல் ஆய்வாளர்கள் கூடுதலாக நம்புவது இந்தக் கடைசி முறையை. கதை எழுதுகிறவருக்குக் கூடுதலாக உதவுவது எனியாகிராம், ஏனென்றால் பயம் இருந்தால் கதை ஓடும். எம்.பி.டி.ஐ. பேச்சு நடைக்கு நல்லது. மூன்றையும் ஒரே பாத்திரத்தின் தலையில் கட்ட வேண்டாம். ஒன்றை அடித்தளமாக எடுங்கள். மிஞ்சினால் ஐந்து காரணி மதிப்பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்பியில் ஒரு பக்கம், ஆறு வரி எழுதுங்கள்:

இனம், பால், வயது.
பயம், ஒரே வரியில், அந்த விலங்குக்கு விளங்கும் விதத்தில்.
விருப்பம், தொட்டுக் காட்டக்கூடிய ஒரு பொருளாகவோ இடமாகவோ.
உடலால் முடிந்தவை மூன்று, முடியாதது ஒன்று.
விடியல், மத்தியானம், பொழுதுபட்ட பின் எங்கே நிற்கும்.
ஐந்து காரணிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 என்ற எண் ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் 3 போட்டால் அந்த விலங்குக்குக் குணமே இல்லை.

இரண்டாவது வரியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். எனியாகிராம் 6ஆம் வகையின் பயம் ‘ஆதரவும் வழிகாட்டலும் இல்லாமல் போவது’ என்று கைநூல்களில் இருக்கும். அதை அப்படியே எழுதினால் மானுக்கு அது எதற்கும் உதவாது. ‘தலையைத் தூக்கிப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு மானும் நிற்காதது’ என்று எழுதினால், அந்த வரியே ஒரு காட்சி. 8ஆம் வகையின் பயம் பிறர் பிடியில் அகப்படுவது. நண்டுக்கு அது ‘வளைக்குள் வேறொரு நண்டு’. 5ஆம் வகைக்குக் கையாலாகாமல் போவது. கபரக்கொய்யாவுக்கு அது ‘உடம்பு சூடேறும் முன் நாய் வருவது’.

அறிகுறி: பெயரை மறைத்தால் யார் பேசுவது என்று தெரியவில்லை

சோதனை லேசு. உரையாடலில் பெயர்களை எல்லாம் மையால் மறைத்துவிட்டு இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பத்து வரியில் ஏழு வரியையாவது சரியாகச் சொல்லாவிட்டால் இந்தப் பிழை உங்களிடம் இருக்கிறது.

காரணம்: வகையிலிருந்து பண்புச் சொற்களை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். ‘துணிச்சலான’, ‘அமைதியான’, ‘சந்தேகப்படும்’ என்பவை கதை சொல்லுகிறவரின் வாயில் வரும் சொற்கள். பாத்திரத்தின் வாயில் எதுவும் மாறவில்லை.

திருத்தம்: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்றை முடிவுசெய்யுங்கள். வாக்கியம் குட்டையா நீளமா. கேட்கிறதா, சொல்கிறதா, ஏவுகிறதா. ஓரிடத்துக்கு வந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன. பிறகு எல்லாரையும் ஒரே சம்பவத்தில் விடுங்கள். பஸ் நிலையத்தில் ஒரு சின்னப்பிள்ளையின் கையிலிருந்து பணிஸ் விழுகிறது என்று வைப்போம்.

காகம், 3ஆம் வகை: “இஞ்ச வாங்கோ, எல்லாரும் வாங்கோ! நான்தான் முதல் கண்டது. ஆர் கண்டது? நான்தான்.”

அணில், 6ஆம் வகை: “கீழ இறங்கவா? இப்பவா? முதல் நாய் எங்க எண்டு சொல்லுங்க.”

மான், 9ஆம் வகை: “நீங்க தின்னுங்க தம்பி. நான் சும்மா நிக்கிறன்.”

கபரக்கொய்யா, 5ஆம் வகை: “வெயில் ஏறட்டும்.”

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒதுங்கி நின்று பார்க்கும் 5ஆம் வகைக் குணமும், வெயில் காயாமல் வேகமெடுக்க முடியாத ஊர்வனவின் உடலும் அந்த இரண்டு சொல்லில் ஒன்றாகிவிட்டன. இப்படி ஒரு வரி கிடைத்துவிட்டால் அந்தப் பாத்திரத்தின் மற்ற வரிகள் தானாகவே வழிக்கு வரும்.

முறைப்பெயர்களும் வேலை செய்யும். மான் காகத்தைத் ‘தம்பி’ என்கிறது. காகம் மானை ‘அக்கா’ என்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதா? 2ஆம் வகை எல்லாரையும் உறவாக்கும். 8ஆம் வகை வயதுக்கு மூத்ததையும் ‘டேய்’ போடும்.

ஒரு எச்சரிக்கை. குரலைப் பிரித்துக்காட்ட வட்டார வழக்கைக் குணமாக்க வேண்டாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் நிற்கிற ஊர் இது. கள்ளக் காகத்துக்கு ஒரு சாராரின் பேச்சையும் நல்ல மானுக்கு இன்னொரு சாராரின் பேச்சையும் கொடுத்தால், பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வழக்கு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வாக்கியத்தின் நீளமும் கேள்வியும் ஏவலும் வேறுபடட்டும்.

அறிகுறி: விலங்கு மாதிரி இல்லை, மனிதனுக்குத் தோல் போர்த்தின மாதிரி இருக்கிறது

இதுதான் அதிகம் காணும் பிழை, எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். விலங்கின் பெயரை எடுத்துவிட்டு ‘குமார்’ என்று போட்டால் கதை ஒரு சொல்லும் மாறாமல் நடக்கிறதா? அப்படியானால் உடல் என்ற கேள்விக்கு விடை எழுதவில்லை.

திருத்தத்தை ஒரு காட்சியில் காட்டுகிறோம். காலை நேரம். கோட்டை வாசலுக்கு வெளியே, மர நிழலில், லஞ்ச் சீட்டில் (சோறு சுற்றும் பொலித்தீன் தாளில்) சுற்றி எறிந்த மிச்சச் சோறு. பெண்மான் ஒன்று அதைக் காண்கிறது. பேச்சு இல்லை, நினைப்பு இல்லை, உடல் மட்டும்.

6ஆம் வகை மான்: நிற்கிறது. காதுகள் இரண்டும் வெவ்வேறு பக்கம் திரும்புகின்றன. முன்காலால் நிலத்தில் ஒரு தட்டு. வேறு மான்கள் தலை தூக்குகின்றனவா என்று பார்க்கிறது. மூத்த பெண்மான் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அதுவும் காலெடுத்து வைக்கிறது.

7ஆம் வகை மான்: போகிற வழியில் இரண்டு வாய் இலை. சோற்றில் ஒரு வாய். அதற்குள் கச்சான் (நிலக்கடலை) வண்டில் வருகிற சத்தம். தலை அந்தப் பக்கம் போய்விட்டது. லஞ்ச் சீட்டின் ஒரு துண்டு குளம்பில் ஒட்டி இழுபடுகிறது, மானுக்கு அது தெரியாது.

8ஆம் வகை மான்: நேரே போகிறது. குறுக்கே வந்த இளமானுக்குக் காதைப் பின்னால் மடக்கிக் காட்டுகிறது. அது விலகவில்லை. முன்காலால் ஒரு அடி.

9ஆம் வகை மான்: காகங்கள் தின்கின்றன. மானுக்கும் ஆசை. இரண்டு பாகம் தூரம் தள்ளி நின்று, புல்லே இல்லாத நிலத்தில் மேய்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறது.

நாலும் ஒரே இனம், ஒரே பால், ஒரே சோறு. வகைப்பெயரை எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கதைக்குள் ‘அது அகமுகப் பேர்வழி’ என்று ஒரு வரி வந்தால் அந்த வரியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் காதையோ வாலையோ காலையோ அசைய விடுங்கள். புள்ளிமான் பயந்தால் வாலை நிமிர்த்தி அடிப்பக்க வெள்ளையைக் காட்டும், குரைப்பது போன்ற ஒரு குரல் எழுப்பும். கையில் இவ்வளவு இருக்கும்போது ‘அது பயந்தது’ என்று எழுதுவது வீண்.

இன்னொன்று: பொலித்தீன் ஊர் மான்களுக்கு உண்மையான ஆபத்து. சோற்று வாசத்துக்கு விழுங்கிய சீட் அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் செரிக்காமல் தங்கிவிடும். கதையில் 7ஆம் வகை மான் எதைத் தின்கிறது என்பதைப் பகிடியாக மட்டும் முடித்துவிட வேண்டாம். அதில் ஒரு முழுக் கதை இருக்கிறது.

உடல் பிழைகளில் அடிக்கடி வருகிறவை சில. பெண்மானுக்குக் கொம்பு போடுவது: புள்ளிமானில் கொம்பு ஆணுக்குத்தான், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை விழுந்து முளைக்கும். தாய் யானைக்குப் பெரிய தந்தம் வரைவது: பெண்ணுக்கு அப்படிக் கிடையாது, இலங்கையில் ஆண் யானைகளிலேயே தந்தம் உள்ளவை சிறுபான்மை. கூட்டத்தை ஆண் யானை நடத்துவது: நடத்துவது மூத்த பெண்; ஆண்கள் வளர்ந்ததும் விலகிப் போய்விடும். பாடும் பெண்குயில்: அந்தக் கூவல் கரிய ஆணுடையது, காகக் கூட்டில் முட்டை இடுவது புள்ளி போட்ட பழுப்புப் பெண். பயத்தில் ஓட்டுக்குள் தலையை இழுக்கும் கடலாமை: கடலாமையால் அது முடியாது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் தாய்க் கடலாமை: முட்டையை மணலில் புதைத்ததோடு அது கடலுக்குப் போய்விடும். கன்னப் பையில் கச்சான் அடைத்துக்கொண்டு ஓடும் கருமுக மந்தி: அந்தப் பை செங்குரங்குக்குத்தான் உண்டு, மந்தி இலை தின்னி.

இதில் ஒவ்வொரு பிழையும் வகையையும் சேர்த்துக் கெடுக்கும். 2ஆம் வகைத் ‘தாய்மை’க்குக் கடலாமையைத் தேர்ந்தவருக்குக் கதை முழுக்க இடிக்கும். அந்த வகைக்கு யானைக் கூட்டத்துச் சிற்றம்மா நல்ல தெரிவு, ஏனென்றால் கன்றைக் கூட்டமே பார்க்கும். ஆமைக்குஞ்சுக்கு 4ஆம் வகை பொருந்தும்: ‘நான் ஆர், ஆரின்ர பிள்ளை?’ என்ற கேள்வி அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

1ஆம் வகைக்குத் தனிக் கவனம் வேண்டும். சாமுவேல் கோஸ்லிங், ஒலிவர் ஜோன் இருவரும் 12 உயிரினங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் எழுதியபோது, வெளிமுகத் தன்மையும் பதற்றமும் இணக்கமும் பல இனங்களில் தென்பட்டன. ஒழுங்கும் கடமையுணர்வும் தனிக் காரணியாகத் தெரிந்தது மனிதரில், அவர்களை விட்டால் சிம்பன்சியில் மட்டும். ஆகவே சட்டம் பேசும் மான், மற்ற எந்த வகையைக் காட்டிலும் சீக்கிரம் மனிதனாகிவிடும். அதற்குச் சட்டம் கொடுக்காமல் தடம் கொடுங்கள்: தினமும் ஒரே வழி, ஒரே மதில் இடைவெளி, ஒரே மரம். அந்த இடைவெளியை ஒருநாள் தகரம் வைத்து அடைத்தால் என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

அறிகுறி: நரி தந்திரம், ஆந்தை ஞானி, சிங்கம் ராசா

முத்திரை குத்திய விலங்குகளுக்கு எந்த வகையைக் கொடுத்தாலும் வாசகர் பழைய முத்திரையைத்தான் காண்பார். முதலில், அந்த முத்திரை உங்கள் வாசகருடையதா என்று பாருங்கள். ஆந்தை ஞானி என்பது வெளியிலிருந்து வந்த பழக்கம். நம் வீடுகளில் அது முகட்டில் அலறினால் அம்மம்மா முகம் சுளிப்பா. பிள்ளைக்கு ஆந்தையை ஞானியாகக் காட்டினால், வீட்டில் கேட்டதும் கதையில் வாசிப்பதும் ஒத்துவராது. அந்த முரணையே கதையாக்கினால் நல்லது: எல்லாரும் துரத்துகிற, தான் செய்த குற்றம் என்னவென்று தெரியாத 4ஆம் வகை ஆந்தை.

நரியை ஒதுக்கத் தேவையில்லை. தந்திரத்துக்குக் காரணம் எழுதுங்கள். பசித்த 7ஆம் வகை நரி ஏமாற்றுவது, அடுத்த வேளைக்கு வழி இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில். 3ஆம் வகை நரி ஏமாற்றுவது, சின்ன நரி என்று சிரித்தார்கள் என்பதற்காக. செயல் ஒன்று, காரணம் வேறு, முடிவும் வேறாகிவிடும். சிங்கமும் புலியும் ஓநாயும் இலங்கைக் காட்டில் இல்லை. இங்கே வேட்டை விலங்குகளில் உச்சம் சிறுத்தைதான். அது ராசா மாதிரி அவை கூட்டாது, தனியே திரியும்.

அறிகுறி: வகையும் இனமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன

கூடிக் கும்மாளம் போடும் சிறுத்தை. ஆரையும் அடக்கி ஆளும் புறாத்தீவுச் சுறா. எழுதத் தொடங்கும்போது நன்றாக இருக்கும், மூன்றாம் பக்கத்தில் நம்ப முடியாமல் போகும்.

மல்லுக்கட்டு வந்தால் உடலுக்குத் தோல்வி கிடையாது. வகையை வைத்திருக்க வேண்டுமானால் வயது, காயம், பசி, மனிதப் பழக்கம் என்ற நாலில் ஒன்றால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். சிறுத்தைக் குட்டி ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு வயதுவரை தாயோடு இருக்கும். அண்மையில் தாயைப் பிரிந்த இளஞ்சிறுத்தைக்குக் கூட்டு வேண்டும் என்ற ஏக்கம் இருக்கலாம். மந்தியிடம் பேச்சுக் கொடுக்கப் பார்க்கும். மந்தி கத்திக் காட்டையே எழுப்பிவிடும். வெளிமுகச் சிறுத்தை அப்போது நம்பத் தகுந்ததாகிறது, பாவமாகவும் இருக்கிறது.

சுறாவின் கதை வேறு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவானது. அதைச் சுற்றி முருகைக்கல்லில் திரியும், செட்டை நுனி கறுத்த சுறா பெரிதாக வளர்ந்தாலும் ஒன்றரை மீற்றர் அளவுதான். மனிதர் நீந்தி வந்தால் பெரும்பாலும் விலகிப்போகும். அதற்கு 8ஆம் வகையைத் திணிப்பதைவிட, ‘உலகமே என்னைப் பார்த்துப் பயப்படுது, நான் உலகத்தைப் பார்த்துப் பயப்படுறன்’ என்கிற 6ஆம் வகையைக் கொடுத்தால் வேலை பாதி முடிந்தது. மணலில் படுத்துச் சோம்பல் முறிக்கவும் வைக்காதீர்கள். அந்த இனம் ஓயாமல் நீந்துவது. அதன் பதற்றத்தைக் காட்ட வேறு எதுவும் தேவையில்லை.

அறிகுறி: நடுவழியில் பாத்திரம் வேறு ஆளாகிவிட்டது

பத்தாம் பக்கம்வரை பேசாமடந்தையாக இருந்த மான், பதினோராம் பக்கத்தில் கூட்டத்துக்கே கட்டளை போடுகிறது. வாசகர் ‘இது எப்ப?’ என்பார். மாறுவது பிழையில்லை; மாறின திசையும் வேகமும்தான் பிழை.

திசைக்கு எனியாகிராமில் கோடுகள் உண்டு. நெருக்கடியில் 1 நான்காகும், 4 இரண்டாகும், 2 எட்டாகும், 8 ஐந்தாகும், 5 ஏழாகும், 7 திரும்ப ஒன்றாகும். தனிச் சுற்றில் 9 ஆறாகும், 6 மூன்றாகும், 3 ஒன்பதாகும். மனம் தெளியும்போது இதே கோட்டில் எதிர்ப்பக்கம் போகும். நினைவில் வைப்பது சுகம்: 1ஐ 7ஆல் வகுத்தால் தசமத்தில் வருவது 142857, முதல் சுற்றின் வரிசை அதுவேதான். எண் ஜாலத்துக்கு அறிவியல் பெறுமதி எதுவும் கிடையாது, எழுதுகிறவருக்கு வழிகாட்டியாகப் போதும்.

அந்தப் பேசாமடந்தை மான் 9 என்றால், நெருக்கடியில் அது 6ஆம் வகைப் பக்கம் சாயும்: சந்தேகம், பதற்றம், திரும்பத் திரும்பப் பார்த்தல். தெளிவில் 3ஆம் வகைப் பக்கம்: எழும்பி முன்னுக்கு நடத்தல். கட்டளை போடுவது 8இன் குணம், இந்த மானின் இரண்டு கோட்டிலும் அது இல்லை. அதனால்தான் இடித்தது. கட்டளையை எடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முதல் ஆளாக றோட்டைக் கடக்க வையுங்கள். மற்றவை பின்னால் வரும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: பெரிய மாற்றத்துக்கு முன் குறைந்தது மூன்று சிறிய சறுக்கல் வேண்டும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாக. கோட்டை வாசலில் ஓட்டோ ஹோர்ன் அடிக்கிறது, அது நகராமல் நிற்கிறது. அடுத்த நாள் காகம் தின்பதற்கு முன் ஒரு வாய் எடுத்துக்கொள்கிறது. பிறகு குட்டிக்கும் நாய்க்கும் நடுவில் போய் நிற்கிறது. நாலாவதுதான் றோட்டு.

அறிகுறி: பாத்திரங்கள் நல்லா இருக்கு, கதை நகரமாட்டேன் என்கிறது

எல்லாரும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்கிறார்கள். இதைவிடக் கதைக்குக் கேடு கிடையாது.

அடிப்படைப் பயங்கள் முட்டுகிற இரண்டு பேரைச் சேர்த்து, பங்கு போட முடியாத ஒன்றை நடுவில் வையுங்கள். திருகோணமலையில் அதைப் பருவமே தரும். கச்சான் காற்று என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் குட்டைகள் வற்றும், நிழலும் தண்ணீரும் ஒன்றிரண்டு இடத்தில் சுருங்கும். வாடைக் காலத்தில் மழையும் கடல் கொந்தளிப்பும். கரைவலை இழுப்பது குறையும். கரையில் சிந்தும் சூடைமீனை நம்பி வாழ்ந்த காகத்துக்கு வயிறு காயும். ‘கோடை வந்தது’ என்று பொதுவாக எழுதாமல், எந்தக் காற்று, எந்தக் குட்டை, எத்தனை நாளாக என்று எழுதினால் மோதலும் கூடவே வந்துவிடும்.

உண்மையான நடத்தையிலிருந்தே மோதல் எடுக்கலாம். உலர்வலயக் காட்டில் மந்தி மரத்தில் தின்னும்போது சிந்தும் இலைகளை மான்கள் கீழே நின்று தின்னும். மேலே இருக்கிற மந்திக்குச் சிறுத்தை முதலில் தெரியும், அது கத்தினால் மான் உசாராகும். இப்போது மந்திக்கு 7ஆம் வகை கொடுங்கள், மானுக்கு 6. மந்திக்குச் சலிப்புத் தட்டினால் சும்மாவும் கத்தும். மான் ஒவ்வொரு தடவையும் ஓடும். ஓடினால் இலை போச்சு. ஓடாவிட்டால் உயிர் போகலாம். இருவரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் இருவராலும் ஒத்துப்போக முடியாது. சிறுத்தை கடைசிவரை வராமலேயே இந்தக் கதையை எழுதலாம்.

மூன்று முதல் ஐந்து பாத்திரம் போதும். ஒன்பது வகைக்கும் ஒவ்வொரு விலங்கு என்று வரிசை கட்டினால், வகைகளை விளக்குவதிலேயே பக்கம் முடிந்துவிடும்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் பரீட்சையில் வேறு வகை வருகிறது

பாத்திரத்துக்காக இணையத்தில் ஆளுமைப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு இது வரும். இரண்டு காரணம். ஒன்று, ‘விருந்துகளில் நீங்கள் எப்படி?’ போன்ற கேள்விகளுக்கு உடும்பின் விடை இல்லாததால், உங்களை அறியாமல் உங்கள் விடையைப் போடுகிறீர்கள். மற்றது, எம்.பி.டி.ஐ. ஒவ்வோர் இருமுனையையும் (அகமுகமா வெளிமுகமா என்பது போல) நடுவில் வெட்டி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எழுத்துக் கொடுப்பதால், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு விடை மாறினாலும் எழுத்து மாறும். மனிதருக்கே அப்படித்தான். பரீட்சையை விட்டுவிட்டு, மேலே சொன்ன இரண்டாவது வரியை எழுதுங்கள். பயம் நிலைத்தால் வகை நிலைக்கும்.

அறிகுறி: எழுத்தில் குணம் தெரிகிறது, படத்தில் தெரியவில்லை

ஓவியர் மனிதப் புருவத்தை நம்பியிருப்பார். காகத்துக்குப் புருவம் இல்லை. அதற்குத் தலைச்சாய்வும் கழுத்துச் சிறகு சிலிர்ப்பும் இருக்கின்றன. கபரக்கொய்யாவுக்குத் தொண்டை உப்பலும் பிளந்த நாக்கும் வாலும். மானுக்குக் கண் தலையின் இரு பக்கமும். அதை முன்னால் கொண்டுவந்து வைத்தால் வேட்டை விலங்கின் பார்வை வந்துவிடும், மனதில் இருந்த சாது காணாமல் போகும். சிறுத்தைக்குக் கண் முன்னாலேயே இருக்கலாம்.

செய்முறை: இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில், கண் வாய் எதுவும் இல்லாமல், கறுப்பு நிழலுருவமாக மூன்று நிலை வரையுங்கள்: ஓய்வு, பயம், ஆசை. மூன்றையும் கலைத்துப் போட்டு எது எது என்று ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் முதுகுக் கோட்டை மாற்றுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். 8ஆம் வகைக்குப் பாரம் முன்காலில். 6ஆம் வகைக்குப் பின்காலில், ஓடத் தயாராக. 9ஆம் வகைக்கு நாலு காலிலும் சமமாக. உடை, கண்ணாடி, தொப்பி எல்லாம் இதற்குப் பிறகு. முதலே தொப்பி போட்டால் எல்லா நிழலுருவமும் தொப்பியாகத்தான் தெரியும்.

அறிகுறி: குறிப்பு பத்துப் பக்கம், பாத்திரம் ஒரு வரியிலும் நிற்கவில்லை

பிறந்த நாள், பிடித்த நிறம், எம்.பி.டி.ஐ., எனியாகிராம், ராசி எல்லாம் நிரப்பியாகிவிட்டது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. குறிப்பை மூடி வையுங்கள். ஆறு வரிப் பக்கத்தில் பயம், விருப்பம், முடியாதது ஆகிய மூன்றை மட்டும் வேறு தாளில் எழுதி, அந்த மூன்றும் முட்டுகிற ஓர் இடத்தை ஊரில் தேடுங்கள். வளையில்லாத நண்டு, கூட்டமில்லாத மான், வெயில் ஏறாத காலையில் உடும்பு. அங்கிருந்து அரைப் பக்கம் எழுதுங்கள். அந்த அரைப் பக்கத்துக்குத் தேவைப்படாத குறிப்பு எதுவோ, அதைப் பத்துப் பக்கத்திலிருந்தும் அடித்துவிடலாம்.